மூன்றாவது படத்தின் மூக்கு

ஒருவருடைய மூக்கைப் பார்த்தே அவருடைய நடத்தையைச் சொல்லிவிடும் வித்தை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்துக்குள் ராயபுரம் கல்மண்டபத்து ஜனங்கள் எல்லோருக்கும் கைவந்துவிட்டிருந்தது. கற்றுக்கொடுத்தவர் பக்தவச்சலம். வார நாட்களில் அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் தலைமைக் குமாஸ்தா. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் தூயவாழ்வுச் சங்கத்தின் ஸ்தாபகர், தலைவர், பிரதமப் பேச்சாளர். ‘ஒழுக்கச் செம்மல்’ என்ற பட்டத்தை ராயபுரம் பொதுமக்கள் அவருக்குச் சூட்டியதாக நோட்டீசில் அச்சாகியிருக்கும். நோட்டீசின் வாசகத்தை அவரே எழுதி, பொதுமக்களில் ஒருத்தியான தம் மனைவி வேம்புவிடம் படித்துக் காட்டுவார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “நல்லா கீதுங்க” என்பாள். பட்டம் வழங்கும் விழா அத்துடன் முடிந்துவிடும்.

பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, மாஜிக் லாந்தரை ஏற்றி, கண்ணாடிப் படங்களைக் காட்டுவார்கள். முதல் படத்தில் நல்ல வாலிபன் ஒருவன். இரண்டாவது படத்தில் அதே வாலிபன் ஒரு மோசமான தெருவின் முனையில். மூன்றாவது படம் வந்ததும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வாலிபனுக்கு மூக்கின் நடுத்தண்டு உள்ளே அமுங்கி, நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். பக்தவச்சலம் பிரம்பால் அந்தப் பள்ளத்தைத் தொட்டு, “தாய்மார்களே, இது பிறந்த மூக்கு அல்ல. சம்பாதித்த மூக்கு” என்பார். கரகோஷம் அடங்கியதும், தப்பான சகவாசத்தில் வரும் இந்த மேகநோய் உட்கார்ந்த இடத்திலும் ஒட்டும், தொட்ட தம்ளரிலும் ஒட்டும் என்று தம் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பார். எந்த டாக்டரும் அவருக்கு அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் மேடை எடுபடும் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் பேர் சொல்வார்கள். அதற்காகத்தான் கூட்டமே வரும். சங்கத்துக்குச் சந்தேகம் வந்த ஆளின் பேரை மேடையில் உரக்கச் சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக் கிடைக்காது. குழாயடியில் அவர்கள் குடத்துக்கு இடம் கிடையாது. அம்பட்டன் வரமாட்டான், ஜட்காவோ ரிக்‌ஷாவோ ஏற்றாது. போன வருஷம் சவரிநாதன் பேரைச் சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சின்ன வயசில் கிரேன் கொக்கி முகத்தில் அடித்து மூக்குத் தண்டு நொறுங்கியவன். அடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மூன்றாவது படத்தையும் கண்ணால் கண்டிருந்தார்களே. கொக்கி பழைய சமாசாரம், படம் புதுசு. சவரிநாதனைக் கூலிக் கும்பலில் சேர்க்காமல் விட்டார்கள். அவன் எண்ணூர் உப்பளத்துக்குப் போய்விட்டான். அவன் மனைவி சிலுவையம்மாள் மட்டும் காசிமேட்டிலிருந்து மீன் தள்ளுவண்டியோடு இந்தத் தெருவுக்கு விடாமல் வந்துகொண்டிருந்தாள். வாங்குகிறவள் வேம்பு ஒருத்திதான். அதுவும் புருஷன் ஆபீசுக்குப் போன பிறகு, பின்வாசலில்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் பக்தவச்சலத்தின் இடது காது செம்பருத்தி மாதிரிச் சிவந்திருந்தது. தொட்டால் அலறினார். கடுக்கன் தொங்கும் கீழ்ச்சதை மட்டும் எப்போதும்போல இருந்தது. மேலே இருந்த மடல்தான் வீங்கிப் பழுத்திருந்தது. ஏதோ பூச்சி கடித்ததென்று வேம்பு மஞ்சள் அரைத்துப் போட்டாள். தானாகவே வற்றியது. அடுத்த மாதம் பூச்சி வலது காதுக்குப் போனது. பூச்சி கடித்தால் சதையை விட்டுவிட்டு எலும்பாகப் பார்த்துக் கடிக்குமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அவர் காதை மறைக்கத் தலைப்பாகையைக் கீழே இறக்கிக் கட்டத் தொடங்கினார். அதில் ஒரு கம்பீரம் இருப்பதாகச் சங்கத்துக் காரியதரிசி சுப்பராயன் கண்டுபிடித்து, தானும் அப்படியே கட்டிக்கொண்டான். சித்திரைக்குள் சங்கத்தில் பாதிப்பேருக்குக் காது வெளியே தெரியவில்லை.

பிறகு தொண்டை கம்மியது. துறைமுகத்துக் கொடிமரம் வரைக்கும் கேட்கும் என்று பேரெடுத்த குரல், பழைய கதவு திறக்கிற சத்தமாகத் தேய்ந்தது. அதற்கும் பிறகு மூக்கு. சில வாரம் வலித்தது. வலி நின்றதும், ஈர மணலில் குழந்தைகள் தோண்டிய கிணற்றின் கரை உட்காருவதுபோல் நடுத்தண்டு சரியத் தொடங்கியது. மூக்குக் கண்ணாடி நிற்கவில்லை. எண்ணெய் தேய்க்க நிற்கும்போது வேம்பு அதைப் பக்கவாட்டில் பார்த்தாள். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ராயபுரத்தில் அந்த மூக்கை அடையாளம் தெரியாதவர்கள் யாரும் கிடையாது.

அன்றைக்கு அவர் ஆபீசுக்குப் போகவில்லை. நிலைக்கண்ணாடியின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். அப்புறம் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்.

“நான் எங்கியும் போனவன் இல்ல,” என்றார்.

“நான் எப்பங்க சொன்னேன்?”

“அப்ப இது இந்த வூட்டுக்குள்ள எப்டி வந்துச்சி?”

வேம்புவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பின் சத்தம் மட்டும் காதில் நின்றது.

அவர் உண்மையிலேயே எங்கேயும் போனவர் இல்லை. ஆபத்தே அதில்தான் இருந்தது. தப்பு செய்தவனாக இருந்தால் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பான். பக்தவச்சலத்துக்கு அந்த வசதி இல்லை. மூன்றாவது படத்தைச் சந்தேகப்படுவதோ, ஸ்தாபகர் என்ற முறையில் அவரால் ஆகாத காரியம். மிச்சம் இருந்தது வேம்பு ஒருத்திதான்.

அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். பின்வாசலில் யார் வருகிறார்கள் என்று கேட்டார். மீன்காரி என்றாள். எந்த மீன்காரி என்று கேட்டார். சவரிநாதன் மனைவி என்று அவள் சொன்னதும், கணக்கு நேரான குமாஸ்தாவைப் போல மெல்லத் தலையை ஆட்டினார்.

தலையாட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர் தலை சன்னமாக, விடாமல், ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடும். கழுத்து நரம்பு சட்டைக் காலருக்கு மேலே துள்ளும். சங்கத்தார் இதை அனுபவத்தின் முதிர்ச்சி என்று நினைத்தார்கள். எதைப் படித்தாலும் தலைவர் ஆமோதித்தார். அந்த வேளை பார்த்துச் சுப்பராயன் தன்னையே உபதலைவனாக நியமிக்கும் தீர்மானம் ஒன்றைப் படித்தான். அதற்கும் தலை ஆடியது.

ஆவணி மாத நோட்டீசை அவர் வேம்புவிடம் படித்துக் காட்டவில்லை. வாயால்தான் சொன்னார். “வர்ற ஞாயித்துக்கெழமை என் வூட்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். சொந்த மனைவின்னும் பாக்காதவன் பக்தவச்சலம்னு இந்த ஊரு பேசணும்.” சொல்லும்போது குரல் கம்மியிருந்தாலும் கண்ணில் ஒரு பிரகாசம் இருந்தது. இத்தனை மாதமாக அவமானமாக உறுத்திய மூக்கு, தியாகமாக மாறப்போகிறதே.

வேம்புவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. பேர் சொல்லப்பட்ட பெண் எங்கே போவாள் என்று யோசித்துப் பார்த்தாள். போன வருஷத்தில் பேர் சொல்லப்பட்ட ஒருத்தி டோல்கேட் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பின்வாசலில் மீனைப் பார்க்காமலே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிலுவையம்மாள் செதிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மூக்கு உள்ள போயிடிச்சா?” என்றாள் கடைசியில்.

“போய்க்கினே கீது.”

“கிட்டக்கப் பாக்கணும் எனுக்கு. ஒருவாட்டி.” கத்தியைத் துடைத்தாள். “உன்னாண்ட எனுக்கு இன்னா பகை யம்மா? வண்ணாரப்பேட்டையில அபீபுல்லா டாக்டருனு ஒர்த்தர் கீறாரு. எங்க வூட்டு ஆளு மூக்கைப் பாத்துட்டு, இது கொக்கி அடிச்ச எலும்புதான்னு சொன்னவரு. எவன் கேட்டான்? அவுரை இட்டாந்து காட்டு.”

டாக்டர் ஹபீபுல்லாவை வீட்டுக்கு அழைக்கப் பக்தவச்சலம் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. வண்ணாரப்பேட்டைக்காரர், ராயபுரத்தில் வாய்விடமாட்டார். அதோடு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டாக்டரின் வாக்கும் இருந்தால் மேடைக்கு நல்லது. வந்ததும், “முதலில் இவள் ரத்தத்தை எடுங்கள்” என்றார். டாக்டர் இரண்டு பேருடையதையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார். இரண்டு ரத்தத்திலும் அந்த நோய் இல்லை என்றார். வேம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் அத்துடன் எழுந்து போகாமல் பக்தவச்சலத்தின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காதை மடக்கிப் பார்த்தார். அது துணி மாதிரி மடங்கியது. மார்பில் குழாயை வைத்தார். வைத்த இடத்திலிருந்து அதை எடுக்கவே இல்லை. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. மணிச்சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“தலையை ஏன் ஆட்டுகிறீர்கள்?”

“நான் ஆட்டவில்லை” என்றார் பக்தவச்சலம், ஆட்டிக்கொண்டே.

டாக்டர் வேம்புவைக் கூப்பிட்டு அவர் கழுத்தில் கைவைக்கச் சொன்னார். விரலுக்கடியில் ஏதோ ஒன்று ஓங்கி அடித்து, அடித்த வேகத்திலேயே காணாமல் போனது. மறுபடி அடித்தது. அந்த அடிதான் தலையை ஆட்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

இது யாரிடமிருந்தும் வந்த நோய் அல்ல என்று டாக்டர் விளக்கினார். உடம்பு தன்னுடைய குருத்தெலும்பையே அந்நியமாக நினைத்துத் தின்கிறது. காதும் மூக்கும் தொண்டைக் குழாயும் குருத்தெலும்புதான். காதில் அது தின்னாத இடம் கடுக்கன் தொங்கும் கீழ்ச்சதை ஒன்றுதான், அங்கே குருத்தெலும்பு கிடையாது. இத்தனை வருஷத்தில் டாக்டரே இப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் படித்ததோடு சரி. இப்போது அது இதயத்துக்கும் போய்விட்டது.

“கை பம்பில் வால்வு தேஞ்சுபோனா, அடிச்ச தண்ணி திரும்ப உள்ளேயே இறங்குது இல்லையா அம்மா? இவருக்கு இதயத்து வாசல்ல இருக்கிற வால்வு மூடறதில்லே. வெளியே போற ரத்தத்தில் பாதி திரும்பி வருது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கணும். நடக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது.”

“நோயின் பெயர்?” என்றார் பக்தவச்சலம்.

“இன்னும் ஒருத்தரும் ஒழுங்கா பேர் வைக்கலே.”

பக்தவச்சலத்தின் முகம் சுருங்கியது. பேர் இல்லாத நோய் ஒழுக்கச் செம்மலுக்கு வருவதாவது. காரணமும் இல்லை, குற்றவாளியும் இல்லை, எடுத்துச் சொல்ல ஒரு நீதியும் இல்லை. இதை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? டாக்டருக்கு மூன்றாவது படத்தின் விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு கழித்துப் போவதாக முடிவாயிற்று. டாக்டர் போன பிறகு வேம்பு, “ரத்தத்துல ஒண்ணுமில்லேன்னுட்டாரே” என்று மட்டும் கேட்டாள்.

“ரத்தத்த யாரு பாக்கப் போறாங்க? மூக்கைத்தான பாப்பாங்க,” என்றார் அவர். தம் சபையை அவர் அறிந்தவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடல்காற்று இல்லை. துறைமுகத்துக் கரிப்புகை மைதானத்தின் மேலேயே தங்கிவிட்டது. சபைக்கு விஷயம் லேசாகக் கசிந்திருந்தது போலும், இடமே இல்லை. வேம்பு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஓடினாலும் பேர் விடாது, உட்கார்ந்தே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். பக்கத்தில் மீன் வாசனை வந்தது. சிலுவையம்மாள், ஒரு வார்த்தை பேசாமல், அவளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

லாந்தருக்குப் பின்னால் உபதலைவன் சுப்பராயன். தலைவர் மேடையேறியபோது படியில் இரண்டு தடவை நின்றார். தலைப்பாகை, கழுத்தில் மப்ளர், மூக்கில் நிற்காததால் தலைப்பாகைக்குள் செருகிய கறுப்புக் கண்ணாடி. முதல் படமும் இரண்டாவது படமும் வழக்கம்போல் போயின. மூன்றாவதைக் காட்ட வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சுப்பராயனுக்கு அது மறந்துவிட்டது, அல்லது மறக்கவில்லை. மூன்றாவது படம் துணியில் விழுந்தது. பிரம்பை எடுக்கத் திரும்பிய பக்தவச்சலம் லாந்தர் வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்துவிட்டார்.

துணியில் இப்போது இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று படம். இன்னொன்று நிழல். இரண்டுக்கும் மூக்கு ஒரே இடத்தில் பள்ளமாகி ஒரே இடத்தில் தூக்கியிருந்தது. நிழல் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

மைதானத்தில் இருமல்கூடக் கேட்கவில்லை. அவர் பிரம்பு வைத்த மூலையையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றதால் துணியில் விழுந்ததைப் பார்க்கவில்லை. அந்த மௌனத்தைத் தம் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“பொதுமக்களே, சொல்ல நா கூசுகிறது. அந்த நோய் என் இல்லத்திலேயே புகுந்துவிட்டது. அதற்குக் காரணமான பெயரை—”

வேம்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

பெயர் வரவில்லை. இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே மூச்சைத் தேடிக்கொண்டு அவர் நின்றபோது, சுப்பராயன் லாந்தரை அப்படியே விட்டுவிட்டு மேடையேறினான். தலைவருக்கு மாலை போடும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு கைகூப்பினான்.

“தலைவர் அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சட்டம் எல்லோருக்கும் பொது என்று நமக்குக் கற்பித்தவர்களும் அவர்களே. கனத்த இதயத்தோடு பெயரைச் சொல்கிறேன்.” தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். “ஒழுக்கச் செம்மல் பக்தவச்சலம்.”

பட்டத்தோடு பேர் சொல்லப்பட்டது அந்த மைதானத்தில் அதுதான் முதல் தடவை.

பக்தவச்சலம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி நழுவி விழுந்துவிட்டது. முன்வரிசையைத் துழாவி வேம்புவைக் கண்டுபிடித்தார். தலை இப்போது வேகமாக ஆடியது. “வேம்பு,” என்றார், பாதி காற்றாக, “டாக்டர் சொன்னாரே. அத்தச் சொல்லு.”

அவள் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவளுக்கே அது தோன்றியது. ஆனாலும் எழுந்தாள்.

“அது அந்த நோவு இல்லீங்க,” என்றாள். “ரத்தத்துல இல்லேன்னு டாக்டரு சொல்ட்டாரு. குருத்தெலும்ப ஒடம்பே தின்னுது. நெஞ்சுக்குள்ள வால்வு ஒண்ணு மூட மாட்டேங்குது. அதான் தலை ஆடுது. அவுரு எங்கியும் போனவரு இல்ல.”

சற்று நேரம் கூட்டம் யோசித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது: “அதுக்குப் படம் கீதா?”

படம் இல்லை. இருக்கும் படம் துணியிலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது. வேறொருவன், “ஏன் தலைவரே, போனியா இல்லையா?” என்றான். தலை ஆடியது. சிரிப்பு மெதுவாகக் கிளம்பி மைதானம் முழுக்கப் பரவியது. சுப்பராயன் கண்டிப்பதுபோல் கையை உயர்த்தி, கொஞ்சம் தாமதமாக இறக்கினான்.

நாற்காலியில் அவர் முன்னுக்குச் சாய்ந்தார். உதட்டோரம் நுரை, அதில் ரோஜா நிறம். வேம்பு ஓடிப்போய்ப் பிடித்தாள். தலைப்பாகை கட்டிய சங்கத்தார் பின்னுக்கு நகர்ந்து வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு அவள் ரோட்டுக்கு வந்து ரிக்‌ஷாக்களைக் கூப்பிட்டாள். முதல் வண்டிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்ல மனுஷன்தான், அவள் தெருக்காரன்.

“கோச்சிக்காத தாயி. குந்துன எடத்துல ஒட்டிக்கும்னு அவுருதான சொன்னாரு. எனுக்கும் புள்ளகுட்டிங்க கீது.”

இரண்டாவது வண்டிக்காரன் அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டான். ஜட்காக்காரர்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதாகத் திரும்பிக்கொண்டார்கள். நடக்கவைக்கலாகாது என்று டாக்டர் சொன்னது வேம்புவின் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. விளக்கு வெளிச்சத்தில் ரோடு நீளமாகத் தெரிந்தது.

பின்னால் சக்கரம் கிரீச்சிட்டது. சிலுவையம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பலகையிலிருந்த மீன்கூடையைத் தூக்கிப் ரோட்டு முனையில் போலீஸ்காரன் நிற்கும் மேடையோரம் வைத்தாள்.

“ஏத்து,” என்றாள்.

மைதானத்துக்குள் வண்டியைத் தள்ளிப்போய், ஒழுக்கச் செம்மலை இரண்டு பெண்களும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, செதில் ஒட்டிய ஈரப் பலகையில் கூடைக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சிலுவையம்மாள் குனிந்து, விளக்கடியில், அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள். புருஷன் பேரை மேடையில் சொன்ன அந்த முகத்தை ஒரு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டிருந்தாள்.

“பாத்துட்டேன்,” என்றாள். “மூக்கு மாரிதான் கீது.” வண்டியைத் தள்ளத் தொடங்கினாள்.

கல்மண்டபம் ரோட்டில் இரண்டு பக்கமும் ஜனங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். சேதி வண்டிக்கு முன்னால் ஓடியிருந்தது. பலகையில் சாய்ந்தபடி பக்தவச்சலம் ஒவ்வொரு வாசலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார், ஊர்வலத்தில் வணக்கத்தை ஏற்றுக்கொள்கிற தலைவரைப் போல. யாரும் வணங்கவில்லை. சிலர் கதவைச் சாத்தினார்கள். வேம்பு பக்கத்தில் ஓட்டமாக நடந்து, அவர் தலை கட்டையில் இடிக்காமல் உள்ளங்கையை அண்டக் கொடுத்திருந்தாள். உள்ளங்கையில் அந்த அடி வந்துகொண்டிருந்தது: ஓங்கி ஒன்று, உடனே ஒன்றுமில்லை. ஓங்கி ஒன்று, உடனே ஒன்றுமில்லை. ஆம், ஆம் என்று யாரோ எதற்கோ ஒத்துக்கொண்டே வருவதுபோல.

“மூச்சு வருதா?” என்று சிலுவையம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்.

“வருது.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. பெரம்பூர்ப் பக்கம் போகிற கரி வண்டி, முடிவில்லாமல் நகர்ந்தது. கேட் திறந்ததும் சிலுவையம்மாள் மூச்சைப் பிடித்து வண்டியைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றி இறக்கினாள். பலகை குலுங்கியது. குலுக்கல் நின்ற பிறகு, அவர் தலையின் ஆட்டமும் நின்றுவிட்டதை வேம்புவின் உள்ளங்கை அறிந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. தூரத்தில் ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது.

“மூச்சு வருதா யம்மா?” என்று மறுபடி குரல் வந்தது.

வேம்பு பதில் சொல்ல வாயெடுத்தாள். இல்லை என்றால் வண்டி இங்கேயே நின்றுவிடும். இந்த ரோட்டில், இந்த ஜனங்களுக்கு நடுவில். அவள் உள்ளங்கையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தாள். பலகையில் அவர் தலை ஆடியது.

“வருது,” என்றாள். “நீ தள்ளு.”